விகடகவியும் ஒய் குரோமோசோமும்

‘மலையாளம்’ என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி வலமிருந்து இடமாகப் படித்தால் அதே பெயர் கிடைக்கிறது. தமிழ் எழுத்திலோ மலையாள எழுத்திலோ எழுதிப் படித்தால் கிடைப்பதில்லை. ‘விகடகவி’ இதற்கு நேர்மாறு. காளியிடம் தெனாலிராமன் பெற்றதாகக் கதை சொல்லும் அந்தப் பட்டம், தமிழில் வி, க, ட, க, வி என்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றாகவே நிற்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால் தொடக்கத்தில் ஒரு மெய்யும் முடிவில் ஓர் உயிரும் வந்துவிடுவதால், திருப்பியதும் சொல் குலைந்துபோகிறது. இரண்டு சொற்களையும் வாயால் சொல்லும்போது எந்த எழுத்தில் எழுதியிருக்கிறது என்பதால் ஒலி மாறுவதில்லை. பொருளும் மாறுவதில்லை. அப்படியிருக்க, ஒரு சொல் ஓர் எழுத்துமுறையில் திரும்புவதும் இன்னொன்றில் திரும்ப மறுப்பதும் ஏன்?

இருவழியும் ஒன்றாகப் படிக்கப்படும் சொற்களும் பாட்டுகளும் உலகின் பல மொழிகளில் உண்டு. தமிழ் இலக்கணம் இதற்கு மாலைமாற்று என்று பெயர் கொடுத்து, சித்திரகவிகளில் ஒன்றாகச் சேர்த்தது. தண்டியலங்காரம் இதைச் சொல்கிறது. இந்த ஈர்ப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் சமச்சீர்: இருபக்கமும் ஒத்திருப்பது கண்ணுக்கும் மனதுக்கும் பிடிக்கிறது என்பார்கள். இது பாதி உண்மைதான். கோயில் கோபுரத்தின் சமச்சீரைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். மாலைமாற்றை அப்படிப் பார்க்க முடியாது. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு திரும்பி வர வேண்டும். எண்ண வேண்டுமானால் எதை ‘ஒன்று’ என்று எண்ணுவது என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். என் வாதம் இதுதான்: மொழியானாலும் எண்ணானாலும் உயிரணுவானாலும், ஒரு முறைமை எந்த அலகுகளால் கட்டப்பட்டிருக்கிறது, அது எவற்றை ஒன்றுபோல் நடத்துகிறது என்பதை இருவழி ஒப்பு வெளிக்காட்டிவிடுகிறது. மற்ற சொல் விளையாட்டுகளுக்கு இல்லாத ஆழம் இதற்கு அங்கிருந்தே வருகிறது.

ஜப்பானிய மொழியில் செய்தித்தாளைக் குறிக்கும் ‘ஷின்புன்ஷி’ என்ற சொல் நல்ல சாட்சி. கானா என்ற அசையெழுத்தில் அது ஷி, ன், பு, ன், ஷி என ஐந்தெழுத்து, அழகாகத் திரும்புகிறது. அதே சொல்லைச் சீன வழி வந்த காஞ்சி எழுத்தில் எழுதினால் மூன்று வெவ்வேறு குறிகள், அங்கே ஒப்பு இல்லை. ஆங்கில எழுத்திலும் இல்லை. புத்தாண்டு இரவில் நல்ல கனவு வர வேண்டி, செல்வக் கப்பலின் படத்தோடு இருவழி ஒக்கும் கவிதை ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைக்கும் வழக்கமும் ஜப்பானில் இருந்தது. வல்லொலி, மெல்லொலி வேறுபாட்டைக் காட்டும் சிறு குறிகளை அந்தக் கவிதைகள் பொருட்படுத்துவதில்லை. ஏனெனில் பழைய எழுத்தில் அந்தக் குறிகளை எப்போதும் இடுவதில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் 1969-இல் 5,000 எழுத்துகளுக்கும் மேல் நீளும் இருவழி உரைநடை ஒன்றை எழுதினார். அதிலும் உயிரெழுத்துகளின் தலைமேல் வரும் குறிகள் கணக்கில் இல்லை. கிரேக்கர்கள் தேவாலயத் தீர்த்தத் தொட்டிகளில், முகத்தை மட்டுமன்றிப் பாவத்தையும் கழுவு என்ற பொருளில் ஒரு வாசகத்தைப் பொறித்தார்கள். ‘ப்ஸ்’ என்ற இரட்டை ஒலிக்குக் கிரேக்கத்தில் ஒரே எழுத்து இருப்பதால்தான் அது திரும்புகிறது. லத்தீன் எழுத்தில் பெயர்த்தெழுதினால் அந்த இடத்திலேயே அது உடைந்துவிடும்.

தமிழின் கணக்கு தனியானது. ‘தாத்தா’, ‘பாப்பா’, ‘காக்கா’ ஆகியவை தமிழில் இருவழியும் ஒக்கும் சொற்கள். தா, த், தா என்று மூன்றாக எண்ணுகிறோம். புள்ளி வைத்த ஒற்று நமக்கு முழு உரிமையுள்ள ஓர் எழுத்து. தேவநாகரியில் அதே ஒலியை எழுதினால், நடுவில் உள்ள ஒற்று அடுத்த எழுத்தோடு கூட்டெழுத்தாகச் சேர்ந்துவிடும். அங்கே எழுத்து இரண்டே, இரண்டும் வேறு வேறு. ஒற்றே இல்லாத ‘விகடகவி’யோ இரண்டு எழுத்துமுறைகளிலும் தடையின்றித் திரும்புகிறது. மெய் புள்ளியோடு தனித்து நிற்கும் என்ற தொல்காப்பிய மரபு வெறும் வரிவடிவச் செய்தி அல்ல என்பதை இந்தச் சிறிய வேறுபாடு காட்டுகிறது. அது தமிழன் சொல்லை எண்ணும் விதத்தையே தீர்மானித்திருக்கிறது.

ஒற்றுக்குத் தனியெழுத்து உரிமை கொடுத்த அதே இலக்கணம், எந்தச் சொல்லும் ஒற்றில் தொடங்கக் கூடாது என்றும் சொல்கிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாக வருவதில்லை. ஆனால் நம் சொற்களில் பெரும்பகுதி ன், ம், ர், ள், ல் என்று ஒற்றில்தான் முடிகின்றன. ஆகவே ஒற்றில் முடியும் ஓரடியைத் திருப்பினால், வரக்கூடாத எழுத்து முதலில் வந்து நிற்கிறது. தமிழில் மாலைமாற்று எழுதுவது பல மொழிகளைவிடக் கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம். எளிய சான்றாக, எல்லாரும் அறிந்த ‘தேரு வருதே’, ‘மோரு போருமோ’ இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். தேர், மோர் என்று எழுத்து வழக்கில் எழுதினால் இரண்டும் கெட்டுவிடும். பேச்சு வழக்கு கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்து ஒற்றை உயிர்மெய்யாக்கியதால்தான் திரும்புகின்றன; ‘போதுமோ’ என்பது வீட்டுப் பேச்சில் ‘போருமோ’ ஆனதும் உதவியது. ‘மாடு ஓடுமா’ என்பதைப் பிரித்து எழுதும்வரை சரி. இலக்கணப்படி சேர்த்து ‘மாடோடுமா’ என்றால் போயிற்று. புணர்ச்சி விதிகள் மாலைமாற்றுக்கு எவ்வளவு பகை என்பதற்கு இது போதும்.

இந்தத் தடைகளை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். மூன்றாம் திருமுறையில் உள்ள திருமாலைமாற்றுப் பதிகத்தில் 11 பாடல்கள். ஒவ்வொன்றிலும் இரண்டாம் அடி முதலடியின் தலைகீழ் வடிவம். முதல் பாட்டில் ஒற்று ஒன்றுகூட இல்லை, எல்லாமே நெட்டெழுத்துகள். இது தற்செயல் இல்லை. ஒற்று இருந்தால் திருப்பும்போது அது வேறோர் எழுத்தோடு சேர்ந்து அசை பிரிவது மாறும், ஓசையும் மாறும். நெடில் தனித்து நின்றே ஓர் அசையாவதால் எப்பக்கமிருந்தும் அதன் எடை ஒன்றே. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கடவுளை நேரில் விளித்துப் பாடுவது பக்திப் பாடலின் இயல்பு. விளிச்சொற்கள் ஆ, ஈ, ஏ என்று நெட்டுயிரில் முடிபவை. இலக்கணம் அடைத்த வாசலைப் பக்தியின் மொழியே திறந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. பதிகம் சீகாழி இறைவன் மேலது. காழி என்ற ஊர்ப்பெயரைத் திருப்பினால் ‘ழிகா’. தமிழில் ‘ழி’ எந்தச் சொல்லுக்கும் முதலாகாது; எனவே அதற்கு முன்னால் ஒரு துணை எழுத்து வேண்டும். முதல் பாட்டில் சம்பந்தர் ‘யா’வைத் துணைக்கு அழைத்தார்; யாழ் என்ற சொல் பிறந்தது. ஊர்ப்பெயர் தலைகீழானபோது அதிலிருந்து ஓர் இசைக்கருவி வெளிவருவதைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இவை வித்தைகள், கவிதை அல்ல. சொல்லை வளைத்து முறுக்கிப் பொருளைப் பலி கொடுப்பவை என்பார்கள். சித்திரகவிக்கு வழங்கும் மிறைக்கவி என்ற மற்றொரு பெயரிலேயே, வருத்தி எழுதிய கவி என்ற குறிப்பு இருக்கிறது. மறுப்பில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திருமாலைமாற்றை உரையின் துணையில்லாமல் புரிந்துகொள்வது அரிது. பாம்பேயி நகரில் கி.பி. 79-க்கு முன்னரே சுவரில் கீறப்பட்ட லத்தீன் சொற்சதுரத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஐந்து நாற்புறமும் ஒன்றாகப் படிக்கப்படுகின்றன. அவற்றில் ‘அரேப்போ’ என்ற சொல் லத்தீனில் வேறெங்கும் காணப்படவில்லை. சதுரத்தை முடிப்பதற்காகவே யாரோ அந்தப் பெயரைப் படைத்திருக்க வேண்டும். ஆனால் மறுப்பாளர்கள் ஒன்றை மறக்கிறார்கள். எதுகையும் மோனையும்கூட எழுத்தை வைத்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கட்டுப்பாடுகளே. வெண்பாவின் தளை அவற்றினும் கடுமையானது. கட்டுப்பாடு இருப்பதே குற்றமென்றால் தமிழ் யாப்பு முழுவதும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். காஞ்சிபுரத்துப் பகுதியைச் சேர்ந்த வேங்கடாத்வரி 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ராகவயாதவீயம்’ என்ற வடமொழிக் காவியத்தில் சுலோகங்களை நேராகப் படித்தால் இராமன் கதை, திருப்பிப் படித்தால் கண்ணன் கதை. இங்கே திருப்பம் பொருளைப் பலி கொடுக்கவில்லை. இரண்டாவது பொருளைப் பெற்றுத் தந்திருக்கிறது. மாலைமாற்றுகளில் பெரும்பாலானவை நல்ல கவிதை ஆகவில்லை என்பது உண்மை. அவை மொழியைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பது உண்மையல்ல.

மொழியைப் பற்றி அவை சொல்வது இன்றும் பயன்படுகிறது என்பதைக் கணினி காட்டுகிறது. ஒரு சொல் இருவழியும் ஒக்கிறதா என்று சோதிக்கும் நிரல், நிரல் எழுதக் கற்பவர்களுக்குத் தரப்படும் முதல் பயிற்சிகளில் ஒன்று. ஆங்கிலத்தில் அது இரண்டு வரி வேலை. அதே நிரலுக்கு ‘விகடகவி’யைக் கொடுத்தால், இல்லை என்று விடை சொல்லும். யூனிகோடில் ‘வி’ ஒரே குறியீடு அல்ல. ‘வ’ ஒன்று, மேல் விலங்கு இன்னொன்று. திருப்பும்போது விலங்கு முன்னால் தாவி, எந்த எழுத்தையும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது. நம் இலக்கணம் ‘க்’ என்பதை அடிப்படையாக வைத்து அதனோடு அகரம் சேர்ந்து ‘க’ ஆனது என்கிறது. யூனிகோட் ‘க’வை அடிப்படையாக வைத்து, புள்ளி சேர்ந்து ‘க்’ ஆனது என்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்ற டேஸ்-16 குறியேற்றத்தில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அங்கே எளிய நிரலே சரியான விடை தரும். எந்தக் குறியேற்றம் சிறந்தது என்ற விவாதம் வேறு. யூனிகோடில் எழுத்துக் கூட்டங்களைக் கண்டறிந்து பிரிக்கும் வழிகளும் உள்ளன. ஆனால் தமிழில் தட்டச்சு செய்ததை அழிக்கும்போது எழுத்து பாதியாய் நிற்பதும், எழுத்து எண்ணிக்கை தப்பாய் வருவதும் இதே அலகுக் குழப்பத்தால்தான்.

எண்களிலும் இதே கதை. 99 இருவழியும் ஒக்கும் எண். கணினியின் இரும முறையில் அது 1100011, அங்கேயும் ஒக்கிறது. 9-ஐ இருமத்தில் எழுதினால் 1001. ஆனால் 22 இருமத்தில் 10110, ஒப்பு போய்விட்டது. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் இருந்தன. அதில் 22 என்பது ௨௰௨, அதாவது இரண்டு-பத்து-இரண்டு, ஒக்கிறது. 11-ஐ ௰௧ என்று எழுதுவார்கள், பத்துக்கு முன் ஒன்று இடுவதில்லை. அதனால் ஒப்பு இல்லை. அளவு மாறவேயில்லை, எழுதும் அடிமானமே மாறியது. கணிதர்கள் விரும்பும் ஒரு புதிர் இங்கே உண்டு. ஓர் எண்ணை எடுத்து, அதைத் திருப்பி, இரண்டையும் கூட்ட வேண்டும். 59-ஓடு 95-ஐக் கூட்டினால் 154. அதோடு 451-ஐக் கூட்டினால் 605. அதோடு 506-ஐக் கூட்டினால் 1111. மூன்றே படிகளில் இருவழி ஒக்கும் எண் வந்துவிட்டது. 89-க்கு 24 படிகள் ஆகின்றன. 196-க்கோ, கணினிகள் கோடிக்கணக்கான இலக்கங்கள் வரை கூட்டிப் பார்த்தும் வரவில்லை. ஒருபோதும் வராது என்று பத்தடிமானத்தில் யாரும் நிறுவவுமில்லை. இரும முறையில் மட்டும், 10110-இல் தொடங்கினால் முடிவேயில்லை என்று நிறுவியிருக்கிறார்கள். திருப்புவது என்ற செயலே எண்ணின் மேல் நடப்பதில்லை, இலக்கங்களின் மேல் நடக்கிறது. அதனால்தான் அடிமானம் மாறும்போது விடையும் மாறுகிறது.

இங்கே இன்னொரு மறுப்பு எழும். அலகை நாமே வைக்கிறோம் என்றால், வேண்டியபடி அலகை மாற்றி எதையும் இருவழி ஒக்கச் செய்துவிடலாமே. பிறகு இதில் வியக்க என்ன இருக்கிறது? 22-02-2022 அன்று நாம் வியந்தோம். மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்கர்களுக்கு அன்றைய தேதி வெறும் தேதிதான். இந்த மறுப்பு தேதிகளின் அளவில் முற்றிலும் சரி. 02-02-2020 நாள், மாதம், ஆண்டு எந்த வரிசையிலும் திரும்பியது. ஆனாலும் அது அந்த நாளைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட தேதிகளுக்கு ராசிபலன் சொல்பவர்கள் வழக்கத்தைச் சகுனமாக மயங்குகிறார்கள். மொழியின் நிலை வேறு. சம்பந்தர் தம் வசதிக்கு எழுத்தின் அலகை மாற்றிக்கொள்ளவில்லை. ஒற்றை எண்ணாமல் விடவுமில்லை. தாம் பிறப்பதற்கு முன்பே ஒரு சமூகம் ஒப்புக்கொண்ட கணக்குக்குள் நின்று பாடினார். அலகைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தனியாளுக்கு இல்லை என்பதால்தான் அந்தக் கட்டுப்பாட்டுக்கு எடை உண்டு. மனிதர் யாருமே ஒப்புக்கொள்ளாத, மனிதர் தோன்றுவதற்கு முன்பே வகுக்கப்பட்ட அலகுகளும் இருக்கின்றன. அவை நம் உடலுக்குள் உள்ளன.

டி.என்.ஏ. ஏணியின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஒன்றில் ‘ஏ’ இருந்தால் எதிரே ‘டி’, ‘ஜி’ இருந்தால் எதிரே ‘சி’. ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசையை எடுத்துக்கொள்வோம். வெறும் எழுத்தாகத் திருப்பினால் சி-டி-டி-ஏ-ஏ-ஜி, ஒப்பு இல்லை. ஆனால் எதிர் இழையை அதன் திசையில் படித்தால் மீண்டும் ஜி-ஏ-ஏ-டி-டி-சி. உயிரியலார் பெயரைக் கடன் வாங்கினார்களே தவிர இது உண்மையான இருவழி ஒப்பு அல்ல என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் ஓர் இழையைப் பார்க்கிறார்கள், டி.என்.ஏ.வின் அலகு இழையெழுத்து அல்ல, எதிரெதிர் நிற்கும் இரண்டு எழுத்துகள் சேர்ந்த எழுத்திணை. அதை நாம் முடிவு செய்யவில்லை, ஈகோ-ஆர்-ஒன் என்ற நொதி முடிவு செய்கிறது. ஒரே மாதிரியான இரண்டு புரதத் துண்டுகள் எதிரெதிராகப் பொருந்தியது அது. ஒவ்வொன்றும் ஓரிழையில் அதே வரிசையைத் தேடிப் பிடிக்கிறது. நுண்ணுயிரிகள் இத்தகைய நொதிகளால், படையெடுத்து வரும் வைரசின் டி.என்.ஏ.வை வெட்டுகின்றன. தம் டி.என்.ஏ.வை வெட்டாமலிருக்க அதே இடங்களில் ஓர் அடையாளம் இட்டுக்கொள்கின்றன. வரிசை இருபுறமும் ஒத்திருப்பதால் அடையாளம் இரண்டு இழைகளிலும் விழுகிறது. உயிரணு பிரிந்து புதிய இழை உருவானதும், பழைய இழையின் அடையாளத்தைப் பார்த்துப் புதியதிலும் இட முடிகிறது. ஹாமில்டன் ஸ்மித் 1970-இல் இத்தகைய நொதி ஒன்று குறிப்பிட்ட வரிசையில் வெட்டுவதைக் காட்டினார். 1978-இல் வெர்னர் ஆர்பர், டேனியல் நாதன்ஸ் ஆகியோரோடு நோபல் பரிசு பெற்றார். 1982-இல் சந்தைக்கு வந்த, நுண்ணுயிரிகளில் விளைவித்த மனித இன்சுலின் இந்த வெட்டும் நொதிகளின் வழியே வந்தது. இன்று ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் பலர் ஓர் இருவழி ஒப்பின் பயனைப் பெறுகிறார்கள்.

மிகப் பெரிய மாலைமாற்று ஆண்களின் ஒய் குரோமோசோமில் இருக்கிறது. மற்ற குரோமோசோம்கள் இணையாக வருவதால் ஒன்றில் பிழை விழுந்தால் மற்றதைப் பார்த்துத் திருத்த முடியும். ஒய் குரோமோசோமின் பெரும்பகுதிக்கு அப்படி இணை கிடையாது. டேவிட் பேஜ் தலைமையிலான ஆய்வாளர்கள் 2003-இல் அதன் வரிசையை வெளியிட்டபோது எட்டுப் பெரிய இருவழி வரிசைகள் தெரிந்தன. மிகப் பெரியது ஏறத்தாழ 29 லட்சம் எழுத்திணைகள் நீளம். இரு கைகளுக்கும் இடையிலான ஒற்றுமை 99.9 விழுக்காட்டுக்கும் மேல். விந்தணு உற்பத்திக்குத் தேவையான மரபணுக்கள் பல இந்தக் கைகளில் இருக்கின்றன. வெளியே இணை இல்லாத குரோமோசோம் தனக்குள்ளேயே தன் படியை வைத்திருக்கிறது. ஒரு கையில் பிழை நேர்ந்தால், மற்றக் கையைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. கைகள் அவ்வளவு ஒத்திருப்பதற்கும் இந்தத் திருத்தமே காரணம். ஆனால் ஒத்த பகுதிகள் தவறாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, இடையிலுள்ள பகுதி மொத்தமாக அறுந்து போவதும் உண்டு. விந்தணு குறைவால் குழந்தையில்லாத ஆண்களில் ஒரு பகுதியினருக்கு இத்தகைய இழப்பே காரணம். கருத்தரிப்பு சிகிச்சை மையங்களில் அதற்கான மரபணுச் சோதனை இப்போது வழக்கமாகச் செய்யப்படுகிறது.